பத்தரைக்கு ஒன்று

மட்டக்களப்பில் காற்றை அளந்து கொடுக்கக்கூடிய மனிதன் ஒருவன்தான் இருக்கிறான். அவனும் வாகனம் திருத்துகிற என்னுடைய கராச்சில்தான் இருக்கிறான். பெயர் பத்தரை. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். அட்டையை ஒருமுறை ஏதோ இடைவெளி பார்க்க என்ஜினுக்குள் செருகி எடுத்ததால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது கிறீஸ் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அவனுடைய பெருமை உங்களுக்கு விளங்காது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லொறிக் கிளீனராகத் தொடங்கினேன். இன்று நாவற்குடாவில் என் கராச்சைத் தெரியாதவன் வாகனம் ஓட்டத் தகுதியில்லாதவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அதை முதலில் சொன்னவன் நான்தான். ஒரு லொறி ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் கிட்ட வந்தால் ஓட்டுகிறவனுக்கு என்ன வருத்தம் என்றும் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, "உங்களுக்கு அமுக்கம் விளங்காது முதலாளி" என்று சொன்ன ஒரே ஆள் பத்தரை. வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னான்.

அமுக்கம் என்றால் இதுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெற்றோலும் சிலிண்டருக்குள் வரும். பிஸ்டன் மேலே ஏறும்போது, வந்த அவ்வளவையும் மேலே மூடியிருக்கிற ஹெட்டின் சின்னக் கிண்ணத்துக்குள் அமுக்கும். அமுக்கின பிறகுதான் பிளக் பொறி வைக்கும், வெடிக்கும், கார் ஓடும். பத்தரைப் பங்காக இருந்ததை ஒரு பங்காக அமுக்கினால் பத்தரைக்கு ஒன்று. நெல்லுச் சாக்கில் ஏறி மிதிப்பது போலத்தான். மிதிக்காமல் விட்டால் என்ஜின் கொட்டாவி விடும். கண்டபாட்டுக்கு மிதித்தால், பெற்றோல் பொறி வரும்வரை பொறுக்காமல் தானே வெடித்து என்ஜின் கதறும். எவ்வளவு மிதிக்கலாம் என்பது நீங்கள் ஊற்றுகிற பெற்றோலின் தரத்தைப் பொறுத்தது. இதை நான் ஒரு பந்தியில் சொல்லி முடித்துவிட்டேன். பத்தரை சொல்லத் தொடங்கினால் கேட்கிறவனுக்குத் தாடி வளர்ந்துவிடும்.

ஊருக்குள் ஓடுகிற காருக்கு ஒன்பதோ என்னவோ போதும். ஓட்டப் போட்டிக்குக் கட்டுகிற என்ஜினுக்குத்தான் கூட்டிக் கட்ட வேண்டும். ஆனால் ஆண்டவன் படைத்த எந்த என்ஜினுக்கும் பத்தரைக்கு ஒன்றுதான் பொருத்தம் என்பது அவனுடைய சமயம். வளைகுடாவில் ஒரு அரபுச் சேக்குடைய ஓட்டக் கார்களுக்கு என்ஜின் கட்டினவன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். வந்த கிழமை சேக்கிடம் ஆறு கார் இருந்தது. அடுத்த கிழமை பன்னிரண்டு ஆனது. நான் கேட்கக் கேட்கக் கார் பெருகியது. கடைசியில் சேக்குதான் இவனுக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுத்தார் என்கிற அளவுக்குக் கதை வந்தபோது கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மற்றவர்கள் சேட்டுப் பையில் பேனை வைத்திருப்பார்கள். இவன் மாட்டுக்கு மருந்தேற்றுகிற பெரிய சிரிஞ்சு வைத்திருப்பான். அதை வாங்க மிருக வைத்தியரிடம் போனபோது நானும் கூட நின்றேன்.

"மாட்டுக்கு என்ன வருத்தம்?" என்று வைத்தியர் கேட்டார்.

"மாடில்ல ஐயா. சிலிண்டர்."

"சிலிண்டருக்கு என்ன வருத்தம்?"

"உள்ளுக்க எவ்வளவு இடம் கிடக்கெண்டு தெரியாமக் கிடக்கு."

வைத்தியர் சிரிஞ்சைக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இவரை மனிசர் பாக்கிற டொக்டரிட்டயும் ஒருக்காக் காட்டுங்க" என்றார்.

அவன் அளக்கிற விதம் ஒரு பூசை. ஹெட்டைக் கவிழ்த்து மேசையில் வைப்பான். கிண்ணத்தின் வாயில் கிறீஸ் பூசி, நடுவில் துளை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி மூடுவான். மண்ணெண்ணெயில் படகு என்ஜினுக்கு ஊற்றுகிற சிவப்பு ஒயிலைக் கலந்து, சிரிஞ்சில் எடுத்து, அந்தத் துளையால் சொட்டுச் சொட்டாக இறக்குவான். கிண்ணம் நிரம்ப எவ்வளவு எண்ணெய் போனதோ அவ்வளவுதான் கிண்ணத்தின் இடம். ஒரு சொட்டுச் சிந்தினால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். அந்த நேரத்தில் மின்விசிறி சுற்றக்கூடாது. போன் அடிக்கக்கூடாது. வாவிப் பக்கக் கதவு பூட்டியிருக்க வேண்டும். ஒருநாள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. என் கராச்சில், நான் போட்ட கூரைக்குக் கீழே நின்று தும்மியதற்காக என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான். நானும் வெளியே நின்றேன். வெயில் நல்ல வெயில்.

சாப்பாட்டுக் கடைக்கும் அவனைக் கூட்டிப் போக ஏலாது. ஆரையம்பதிப் பக்கம் ஒரு கடையில் பிட்டு சாப்பிட்டோம். கடைக்காரர் பக்கத்தில் வந்து, "பிட்டு எப்பிடி அண்ணன்?" என்றார்.

"ஆறுக்கு ஒண்டு" என்றான் பத்தரை.

"விளங்கேல்ல."

"குழலுக்க மாவைச் சும்மா கொட்டியிருக்கீங்க. அமுக்கம் இல்ல. வாயில வைக்க முந்தி உதிருது."

கடைக்காரர் நல்ல மனிதர். "அப்ப நீங்க அவிச்சுக் காட்டுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். பத்தரை குசினிக்குள் போனான். அகப்பைக் காம்பால் இடித்து இடித்து, நாலு குழல் மாவை ஒரு குழலுக்குள் ஏற்றி அடுப்பில் வைத்தான். ஆவி போக வழி தேடியது. கிடைக்கவில்லை. நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் குழல் அடுப்பில் இருந்தது, பிட்டு கூரையில் இருந்தது. அந்தக் கறை இன்றும் அங்கே இருக்கிறது. "பாத்தீங்களா, உதிரேல்ல" என்றான் பத்தரை.

இதற்கெல்லாம் மேலே ஓட்டோக் கதை. காத்தான்குடித் தம்பி ஒருவர் பிரேக் சத்தம் போடுகிறது என்று ஓட்டோவை விட்டுப் போனார். நான் ஏறாவூருக்கு ஒரு லொறி பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் பத்தரை ஓட்டோ என்ஜினைக் கழற்றி, ஹெட்டைத் தேய்த்து, பத்தரைக்கு ஏற்றிப் பூட்டிவிட்டான். பிரேக்கையும் பார்த்தான் என்றுதான் சொன்னான். அடுத்த நாள் தம்பி வந்தார்.

"முதலாளி, நான் பிரேக் கத்துதெண்டுதானே உட்டுட்டுப் போனேன்?"

"ஓம்."

"இப்ப பிரேக் கத்தல்ல. உம்மா கத்துறா."

"ஏன் தம்பி?"

"பின்னுக்கு ஏத்திக்கிட்டுக் கல்லடிப் பாலத்தால போனேன். முன்சில்லு மேல ஒழும்பிட்டு. பாலம் முடியுமட்டும் உம்மா வானத்தைப் பாத்துக் கலிமா சொல்லிக்கிட்டே வந்தா."

பத்தரை பின்னாலிருந்து, "ஒழும்பினது ஏத்தத்திலயா, இறக்கத்திலயா?" என்று கேட்டான்.

"இறக்கத்தில."

"அப்ப சரியாத்தான் ஏறியிருக்கு."

நான் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் பழையபடி மாற்றித் தருகிறேன் என்றேன். தம்பி தலையைச் சொறிந்தார். "மாத்த வேணாம் முதலாளி. என்ட மச்சான்ட ஓட்டோவும் பிரேக் கத்துதாம். அவனையும் அனுப்பட்டா?"

இப்படித்தான் வருசக்கணக்காக நாள் போனது. தண்ணீர் இறைக்கிற மெசின், புல்லு வெட்டுகிற மெசின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பத்தரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். உண்மையாகவே பத்தரை தேவைப்படுகிற ஒரு என்ஜின் மட்டும் அவன் கைக்கு வரவேயில்லை. பிறகு என் மகளுக்குக் கலியாணம் பேசினோம். அது வந்தது.

மாப்பிள்ளைக்கு ஊர் களுதாவளை. பெரிய போடியாரின் மகன். எத்தனையோ வட்டை வயல், மாடு, உழவு மெசின் எல்லாம் உண்டு. பையன் அரச உத்தியோகம். நல்ல பிள்ளை. ஒரே ஒரு வியாதி, கார். இரண்டு கதவு வைத்த சிவப்பு யப்பான் கார், ஓட்டப் போட்டிக்கென்றே வாங்கினது. அதைத் தன்னைவிடக் கூடுதலாகக் குளிப்பாட்டுவார். எங்கோ ஒரு ஓட்டத்தில் மிதித்த மிதியில் பிஸ்டனில் ஓட்டை விழுந்து, கார் மாமரத்துக்குக் கீழே படங்கு போர்த்திக்கொண்டு நின்றது.

எங்கள் பகுதியில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பது வழக்கம். நானும் கராச்சோடு ஒட்டிய என் வளவுக்குள்ளேயே மகளுக்கு ஒரு வீடு கட்டியிருந்தேன். அந்த வீட்டு முற்றத்தில்தான் கலியாணம். மாப்பிள்ளையை ஊரிலிருந்து அழைத்து வர வேண்டும். பொருத்தம் பேசிய அன்று அந்தக் கதை வந்தது. போடியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"கார்தான் செத்துப் போச்சே. மெசின் பெட்டியில வாழை கட்டி, நடுவில கதிரை போட்டு மாப்பிள்ளையை இருத்திக் கொண்டு வாறம். நாங்க வேளாண்மைக்காரர்தானே."

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே என் மகளும் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். மாப்பிள்ளை உழவு மெசின் பின்னால் இழுக்கிற பெட்டியில், உரம் வந்த இடத்தில், கதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவார். கராச்சுக்காரன் மகளுக்கு.

"போடியார்," என்றேன், "உங்கட மகன் அந்தச் சிவப்புக் காரிலதான் என்ட வாசல் படலைக்கு வருவார். அந்த என்ஜினை என்ட கராச்சில கட்டித் தாறன். கார் வராட்டி என்ட கராச் போர்டை நானே கழட்டித் தாறன். உங்கட வட்டையில காவல் குடிலுக்குக் கதவாப் போடுங்க."

போடியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போர்டு எத்தின அடி அகலம் சம்மந்தி?" என்றார்.

காரைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்து என்ஜினைத் திறந்ததும் பத்தரை உட்கார்ந்துவிட்டான். "முதலாளி, இதுதான் பத்தரை கேக்கிற என்ஜின். மத்தது எல்லாம் நாம கெஞ்சிக் குடுத்தது." அதன் பிறகு அவன் வீட்டுக்கே போகவில்லை. சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டான். ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் ஒரு மயிரளவு சீவுவான், கொண்டுவந்து சிரிஞ்சால் அளப்பான், கணக்குப் பார்ப்பான், திரும்ப ஓடுவான். லேத்துக்காரர் எனக்குப் போன் எடுத்து, "இவரை அங்கேயே கட்டிப் போடுங்க" என்றார். நாலு கிண்ணமும் ஒரே அளவு வர வேண்டும். மூன்று வந்துவிடும், ஒன்று ஒரு சொட்டு மிஞ்சும். அந்த ஒரு சொட்டுக்காக மூன்றையும் திரும்பத் தேய்ப்பான். அந்தக் கிழமை முழுக்க ஒருவரும் தும்மவில்லை. எங்கள் கராச் நாய்கூட வெளியே போய்த்தான் குரைத்தது.

ஒருநாள் காலையில் கணக்குச் சரிவந்தது. பத்தரைக்கு ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் சிரிஞ்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இனி என்ன, பூட்ட வேண்டியது, பெற்றோல் ஊற்ற வேண்டியது. அங்கேதான் பிடித்தது சனி. அது நாட்டில் பெற்றோல் இல்லாத காலம், உங்களுக்கும் நினைவிருக்கும். வாகனங்கள் வரிசையில் நின்று பிள்ளை குட்டி பெற்றுக்கொண்டிருந்தன. பத்தரைக்கு ஏற்றின என்ஜினுக்கு முதல்தரப் பெற்றோல் வேண்டும். நமக்குக் கிடைத்ததோ யாரோ பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்து, முகத்தைக் காட்டாமல் தந்துவிட்டுப் போனது. மணந்து பார்த்தாலே தெரிந்தது, பெற்றோலைவிட மண்ணெண்ணெய்தான் கூடுதல்.

கலியாணத்துக்கு முந்தின நாள் காலை மாப்பிள்ளை வந்தார். ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். மிதித்தவுடன் சுளகில் கல்லைப் போட்டுப் புடைத்த மாதிரி ஒரு சத்தம். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. பொறி வைக்கிற நேரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தோம். சத்தம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் கார் கல்லடிப் பாலத்தில் ஏற மறுத்தது. இப்படியே களுதாவளையிலிருந்து வந்தால் பாதி வழியில் பிஸ்டன் திரும்பவும் ஓட்டையாகும். மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு காரைத் தள்ளிக்கொண்டு வருவார். பின்னால் போடியார் மெசினில் வருவார்.

"அமுக்கத்தைக் குறைடா" என்றேன்.

"பெற்றோல்தான் பிழை."

"பெற்றோலை நான் கிணறு தோண்டி எடுக்கவா?"

"நாட்டில பிழை இருந்தா அதுக்கு என்ஜின் என்ன செய்யும் முதலாளி?"

"ஒம்பதுக்காவது இறக்கு."

"ஒம்பதா?" என்றான். நான் ஏதோ அவனுடைய தாயைப் பற்றிப் பேசியதுபோலப் பார்த்தான். "என்ட கையை வெட்டுங்க. மறுகா நீங்களே இறக்குங்க."

நான் கத்தினேன். அவனும் கத்தினான். மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் நின்று யாருக்கு ஓம் சொல்வது என்று தெரியாமல் பொனட்டைத் துடைத்தார். பிறகு அவரும் வீட்டில் வேலை இருக்கிறது, பின்னேரம் வருகிறேன் என்று போய்விட்டார்.

மத்தியானம் மகள் பிளேன்ரீ கொண்டுவந்தாள். சின்ன வயதிலிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒரு லொறிக்குக் கீழே கிடந்தேன். இருவருக்கும் நான் இருப்பது தெரியாது.

"மாமா, நாளைக்கு உடுக்கச் சேட்டு இருக்கா?"

"இதுதான் புள்ள."

"இதோட வந்தா போட்டோவே மணக்கும். வெள்ளைச் சேட்டு ஒண்டு எடுத்து வச்சிருக்கன். அம்மாட்ட வாங்குங்க."

"கார் வருமோ தெரியாது புள்ள."

"கார் வராட்டிப் போகுது. நீங்க வந்தாக் காணும். அவர் மெசின் பெட்டியிலயும் வருவார்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மெசின் பெட்டி என்கிற இடத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் உள்ளே போய் வந்தது. எனக்குக் கேட்டது. பத்தரைக்கும் கேட்டிருக்க வேண்டும். என்ஜின் கதறுகிறதா என்று கேட்டே பழகின காது.

அவள் போன பிறகு அவன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். நான் லொறிக்குக் கீழிருந்து வெளியே வந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டு, "எட்டே முக்கால்" என்றான். பொலிசில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"எட்டே முக்கால்ல இந்தப் பெற்றோல் கதறாதா?"

"கதறாது. ஆனா ஹெட்டைக் கொஞ்சம் உயத்தணும். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில கஸ்கட் தகடு இருக்கிற இடத்தில தடிச்ச செம்புத் தகடு வேணும். உள்ளுக்க இடம் கூடினா அமுக்கம் குறையும்."

செம்புத் தகட்டுக்கு எங்கே போவது? கடைகளில் ஆணியே இல்லாத காலம். நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தேன். எனக்குத் தெரியாத ஆட்கள் மட்டக்களப்பில் இல்லை. ஆனால் அவர்களிடம் செம்பு இல்லை. பத்தரை எழுந்து என் வீட்டுப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் சாக்கால் சுற்றிய பெரிய வட்டச் சாமான் ஒன்றோடு வந்தான்.

"இது எங்கால?"

"கிடந்துது."

அதைத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டான். அப்படிச் செய்தால் செம்பு இளகி மென்மையாகும். பழைய கஸ்கட்டை மேலே வைத்துக் கோடு கீறினான். நாலு சிலிண்டருக்கு நாலு வட்டம் வெட்டி எடுத்தான், போல்ட்டுக்குத் துளை போட்டான், அரத்தால் ராவினான். விளிம்பில் ஒரு தாமரைப்பூ வேலைப்பாடு தெரிந்தது. பழைய இரும்புக்காரனிடம் எடுத்திருப்பான் என்று நினைத்தேன். பிறகு திரும்பவும் சிரிஞ்சை எடுத்துக் கணக்குப் பார்த்தான். எட்டே முக்காலிலும் ஒரு சொட்டுப் பிழை வர விடவில்லை.

பின்னேரம் பூட்டினோம். ஓட்டினோம். கார் பூனைபோலப் பாலத்தில் ஏறி இறங்கியது. ஒரு கதறலும் இல்லை. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைக் கும்பிட்டார். பத்தரை குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "சத்தமில்ல" என்றான், செத்தவீட்டுச் செய்தி சொல்கிறவன் போல. வழியில் ஏதும் நடந்தால் பார்க்க வேண்டும் என்று வெள்ளைச் சேட்டையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு களுதாவளைக்கே போய்விட்டான்.

கலியாணத்தன்று விடிந்ததும் என் மனைவி வளவைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய்வழியில் ஒரு பெரிய செம்புத் தாம்பாளம் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வந்தது. அவர்களுடைய குடியில் எந்தப் பெண்ணுக்குக் கலியாணம் என்றாலும் தாலியையும் கூறையையும் அதில் வைத்துத்தான் சபைக்குக் கொண்டுபோய்த் தொட்டு வாழ்த்தக் கேட்பார்கள்.

"நேத்துப் புளி போட்டு மினுக்கிக் கிணத்துக்கட்டில காய வச்சனான். நீங்க கண்டீங்களா?"

"எப்பிடிக் கிடக்கும்?"

"என்ன கேள்வி இது? சுத்திவரத் தாமரைப்பூப் போட்டது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கினதை வாய்விட்டுச் சொல்லாமல் நிற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அது என்னிடம் நிறைய உண்டு. நான் பந்தல் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "இது இறுக்கமில்லையே" என்றேன்.

அப்போது ஒழுங்கை முனையில் ஹோர்ன் கேட்டது. மாலை போட்ட சிவப்புக் கார் மெல்ல வந்து படலையில் நின்றது. ஒரு இருமலும் இல்லை, ஒரு கதறலும் இல்லை. அதற்குப் பின்னால் போடியார் நம்பிக்கையில்லாமல் மெசினையும் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். வாழை கட்டியிருந்தது. நடுவில் கதிரை இருந்தது. கதிரை வெறுமையாக வந்தது. வாழ்க்கையில் நான் எத்தனையோ வெற்றி கண்டவன், ஆனால் வெறும் கதிரையைப் பார்த்து அப்படிச் சந்தோசப்பட்டதில்லை.

காரின் முன்சீட்டிலிருந்து முதலில் இறங்கினவன் பத்தரை. வெள்ளைச் சேட்டு. பையில் சிரிஞ்சு. ஆலத்தித் தட்டோடு பெண்கள் முன்னுக்கு வந்தார்கள். அவன் கையை உயர்த்தினான். "ஒரு நிமிசம்." பொனட்டில் காதை வைத்தான். மேளகாரர் நிறுத்தினார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு காலைக் காருக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்துக்கொண்டு பொறுத்தார்.

"சரி. இப்ப எடுங்க" என்றான்.

ஆலத்தி எடுத்து முடிந்ததும் என் மனைவி எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள்: "தாலி வைக்கத் தாம்பாளத்தைக் காணல்ல. ஆராவது கண்டீங்களா?"

பத்தரை தன் பையைத் திறந்தான். தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவில் நாலு செம்பு வட்டங்களை எடுத்தான். களுதாவளையில் இரவிரவாக இருந்து மினுக்கியிருக்கிறான், கண்ணைக் கூசியது.

"அக்கா, தாம்பாளம்."

"இதா?"

"இது நடு. மிச்சம் பொனட்டுக்குள்ள."

போடியார் காரைப் பார்த்தார், வட்டங்களைப் பார்த்தார். "அப்ப என்ட மகன் பொண்ணு பகுதிட தாம்பாளத்தில ஏறித்தான் வந்திருக்கான்" என்றார்.

"ஓம் ஐயா," என்றான் பத்தரை. "அது இல்லாட்டி உங்கட கதிரையிலதான்."

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் எங்கள் ஒழுங்கையில் மாங்காய் விழும். பத்தரை அவளுக்கு முன்னால் நின்று, மெதுவாக, "புள்ளைக்காக அக்கா" என்றான். அவன் வாழ்க்கையில் அமுக்கம் இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அவள் முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தாள். காருக்குப் பின்னால் மகளுடைய புது வீடு. பிறகு பத்தரையின் கையிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அம்மாட தாம்பாளம் என்ட மகளுட வளவுக்குத்தான் வரவேணும்" என்றாள். "வந்திட்டு. நேரம் போகுது, தாலியை வைங்க."

தாலி அந்தச் சின்ன வட்டத்தில் சபை முழுக்கச் சுற்றி வந்தது. கூறை வாழையிலையில் வந்தது. மற்ற மூன்று வட்டத்திலும் சந்தனம், குங்குமம், பூ. வட்டம் சின்னது என்பதால் ஒருவர் தொடும்போது அடுத்தவருடைய விரலையும் தொட வேண்டி வந்தது. போடியாரும் நானும் ஒரே நேரத்தில் தொட்டோம். "போர்டு உங்களிட்டயே இருக்கட்டும் சம்மந்தி" என்றார்.

பெற்றோல் பிறகு வந்துவிட்டது. நல்ல பெற்றோலும் வந்தது. மருமகன் ஒருநாள் கராச்சுக்கு வந்து, "மாமா, இனித் தகட்டைக் கழட்டிப் பத்தரைக்கு ஏத்துவமா?" என்று பத்தரையிடம் கேட்டார். நான் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவன் கையைத் துடைத்தான். "வேணாம் தம்பி. எட்டே முக்கால்ல நல்லாத்தானே ஓடுது" என்றான். அடுத்த நிமிடமே யாரோ விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் ஹெட்டைக் கழற்றி, என்னிடம் கேட்காமல் பத்தரைக்கு ஏற்றத் தொடங்கினான்.

இப்போதும் மகளுடைய கார் ஒழுங்கையில் திரும்பினால் கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டுப் படலைக்குப் போவான். சத்தம் கேட்கப் போகிறேன் என்றுதான் சொல்லுவான். கார் வந்து நின்று, என்ஜினை நிப்பாட்டின பிறகும் அங்கேயேதான் நிற்பான்.